விளையாட்டு வீரரை மதிப்பிடும் சொற்களில் இனச்சாய்வைக் கண்டறிந்து களைவது எப்படி

பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒரு வீரரின் நிறத்தைச் சொல்லி வசை எழும்போது அது என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்தை நன்கறிந்த ஒருவர், பாராட்டும் நோக்கத்தோடு சொல்லும் வாக்கியத்துக்குள் இருக்கும் சாய்வுதான் எளிதில் பிடிபடாதது. அது கேட்பவர் காதில் உறுத்துவதில்லை, சொன்னவருக்கும் தெரிவதில்லை. ஆனால் ஓர் இளம் வீரர் களத்தில் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார், ஓய்வுக்குப் பின் பயிற்சியாளர் பொறுப்புக்கு அவருடைய பெயர் பேசப்படுகிறதா, ஒரு தோல்விக்குப் பின் அவருக்கு இன்னும் எத்தனை வாய்ப்புகள் தரப்படுகின்றன என்பவற்றையெல்லாம் வசையைவிட அத்தகைய வாக்கியங்களே அதிகம் தீர்மானிக்கின்றன. ஆட்டங்களைப் பற்றி எழுதுவோர், வர்ணனை செய்வோர், அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்போர், கூர்ந்து பார்க்கும் இரசிகர்கள் ஆகியோர் தங்கள் சொற்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும் முறைகளைக் கீழே விவரிக்கிறேன்.

காரணம் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள்

ஒருவர் கோல் அடித்தார் என்பது செய்தி. அவரால் எப்படி அடிக்க முடிந்தது என்று சொல்லத் தொடங்கும்போதுதான் மதிப்பீடு தொடங்குகிறது; முத்திரை நுழைவதும் அங்கேதான். வெற்றிக்கு இருவகைக் காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, உடல் தந்ததாகக் கருதப்படுவது: வேகம், வலு, உயரம், பிறவித் திறமை. மற்றொன்று, அவரே ஈட்டியது: ஆட்டத்தைப் படிக்கும் அறிவு, உழைப்பு, நிதானம், தலைமைப் பண்பு. கருப்பின வீரருக்கு முதல் வகையையும் வெள்ளையின வீரருக்கு இரண்டாம் வகையையும் வழங்கும் பழக்கம் பல விளையாட்டுகளில் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது.

2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்தோடு இணைந்து ரன்ரிப்பீட் என்ற நிறுவனம் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் முதல்நிலைத் தொடர்களில் 2019-20 பருவத்தில் நடந்த 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையிலிருந்து 2,073 கூற்றுகள் திரட்டப்பட்டன. அறிவுக்கூர்மைக்கான பாராட்டுகளில் ஏறத்தாழ 63 விழுக்காடு வெளிர்நிற வீரர்களுக்குச் சென்றது; அறிவுக்கூர்மை இல்லை என்ற விமர்சனத்தில் ஏறத்தாழ அதே விழுக்காடு கருநிற வீரர்களுக்குச் சென்றது. கருநிற வீரரைப் பற்றிப் பேசும்போது வர்ணனையாளர் அவரது உடல்வலுவைக் குறிப்பிடும் வாய்ப்பு 6.59 மடங்கும், வேகத்தைக் குறிப்பிடும் வாய்ப்பு 3.38 மடங்கும் கூடுதலாக இருந்தது.

அந்த வீரர்கள் உண்மையிலேயே வேகமானவர்களாக இருந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு 1997இல் ஜெஃப் ஸ்டோனும் அவருடைய சக உளவியலாளர்களும் வெளியிட்ட சோதனை விடை தருகிறது. கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டமொன்றின் ஒரே வானொலி வர்ணனையை எல்லாரும் கேட்டார்கள். குறிப்பிட்ட ஒரு வீரர் கருப்பினத்தவர் என்று சிலருக்கும் வெள்ளையினத்தவர் என்று சிலருக்கும் ஒளிப்படத்தின் வழியே உணர்த்தப்பட்டது. கருப்பினத்தவர் என்று எண்ணியவர்கள் அவருக்கு உடல்திறனைக் கூடுதலாக அளித்தார்கள். வெள்ளையினத்தவர் என்று எண்ணியவர்கள் ஆட்ட அறிவையும் கடும் முயற்சியையும் கூடுதலாக அளித்தார்கள். காதில் விழுந்த ஆட்டம் ஒன்றுதான். வேறுபட்டது, அதற்குக் கேட்டவர்கள் கற்பித்த காரணம்.

ஆகவே முதலில் பழக வேண்டியது இது: ஒரு வாக்கியத்தை எழுதி முடித்ததும், அதில் காரணம் சொல்லும் சொல் எது என்று அடிக்கோடிடுங்கள். அந்தச் சொல் வீரர் செய்த ஒன்றைக் குறிக்கிறதா, அல்லது அவர் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பைக் குறிக்கிறதா என்று பிரித்தறியுங்கள். 'அசுர பலம்', 'ராட்சசன்', 'காட்டடி', 'மின்னல்' முதலிய சொற்கள் நம் விளையாட்டு எழுத்தில் கைப்பழக்கமாக வந்து விழுபவை. அவற்றைத் தடைசெய்யச் சொல்லவில்லை; யாருக்கு வழங்குகிறோம், யாருக்கு வழங்காமல் விடுகிறோம் என்று பாருங்கள். ஒரு கருப்பின வீரரைக் காளை, சிறுத்தை என்று விலங்கோடு ஒப்பிடுவதை மட்டும் அறவே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அந்த ஒப்பீட்டுக்குப் பின்னால் மனிதரை மனிதராக எண்ணாத நீண்ட வரலாறு இருக்கிறது, அதைக் கைவிடுவதால் எந்த ஆட்டத்தின் வர்ணனையும் குறைபடாது.

அதற்கு மாற்றாக என்ன எழுதுவது? கண்ட செயலை எழுதுவது. 'தன் அபார வேகத்தால் தடுப்பாட்டக்காரரைக் கடந்தார்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காணொளியை மீண்டும் ஓட்டிப் பார்த்தால், தடுப்பாட்டக்காரர் உடல் எடையை இடக்காலுக்கு மாற்றும் வரை அவர் பந்தைத் தொடாமல் காத்திருந்தார் என்பதும், அந்த நொடியில்தான் வெளிப்பக்கமாகத் தள்ளினார் என்பதும் தெரியவரும். 'எதிராளியின் எடை இடக்காலுக்கு மாறும் வரை பொறுத்திருந்து, மறுபக்கம் தள்ளிக் கடந்தார்' என்று எழுதினால் வேகம் மறுக்கப்படவில்லை. கணிப்பும் பொறுமையும் உரியவருக்குச் சேர்ந்துவிட்டன. வாசகருக்கும் ஆட்டம் கூடுதலாகத் தெரிகிறது.

ஓர் ஆட்டத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள்

நினைவிலிருந்து ஒரு வர்ணனையாளரின் சாய்வைத் தீர்மானிக்க முயலாதீர்கள், ஏனெனில் நம்மை உறுத்திய வாக்கியம் மட்டுமே நினைவில் தங்கும். பதிவு செய்த ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீரர் ஒருவரைப் பற்றிய மதிப்பீடு வரும் ஒவ்வொரு முறையும் மூன்றைக் குறித்துவையுங்கள்: யாரைப் பற்றி, என்ன பண்பைப் பற்றி, புகழ்ச்சியா குறையா. பண்புகளை உடல், அறிவு, உழைப்பு, குணம் என்று நான்காகப் பிரித்தால் போதும். அதற்கு மேல் நுணுக்கமாகப் பிரித்தால் எண்ணிக்கை சிதறிப்போகும். எந்தக் கூற்று எந்தப் பிரிவில் அடங்கும் என்ற விதியை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் நாம் எதிர்பார்க்கும் விடைக்கேற்ப நம் கையே வகைப்படுத்திவிடும். இயன்றால் இன்னொருவரும் தனியே எண்ணட்டும். இருவர் குறிப்புகளும் எங்கே மாறுபடுகின்றன என்று பாருங்கள்.

ஓர் ஆட்டத்தில் இருபது முப்பது கூற்றுகளே கிடைக்கும். அதை வைத்து ஒருவர்மீது குற்றம் சாட்டுவது அநியாயம். ஒரு பருவம் முழுக்கச் சேர்த்தால் மட்டுமே வடிவம் துலங்கத் தொடங்கும். சொல்லப்படாததையும் கவனியுங்கள்: அழகான ஒரு பாஸைக் கொடுத்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதைப் பெற்றவரின் ஓட்டத்தை மட்டும் வர்ணித்த இடங்கள் இருக்கும். அவற்றுக்கெனத் தனிக் கட்டம் ஒன்றை ஒதுக்குங்கள்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் பெரிய கேள்வி. பக்கவாட்டில் ஓடும் ஆட்டக்காரரின் வேகம் பேசப்படுவதும் நடுக்கள ஆட்டக்காரரின் கணிப்பு பேசப்படுவதும் இயல்பு. எனவே ஒரே இடத்தில் ஆடும் இருவரை ஒப்பிடுங்கள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. அது சரியான அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை.

ஆடும் இடம் எப்படி வந்தது என்று கேளுங்கள்

1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க பேஸ்பாலிலும், பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்திலும் எந்த இனத்தவர் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அணியை ஒருங்கிணைத்து முடிவெடுக்கும் மைய இடங்களில் வெள்ளையின வீரர்களும், ஓட்டமும் எதிர்வினையும் மிகுதியாகத் தேவைப்படும் ஓர இடங்களில் கருப்பின வீரர்களும் குவிந்திருந்ததைக் காட்டினார்கள். அதாவது ஒரு வீரர் ஆடும் இடம் என்பதே ஏற்கெனவே எடுக்கப்பட்ட மதிப்பீடு ஒன்றின் விளைவாக இருக்கக்கூடும். இடத்தைச் சமன்செய்து ஒப்பிட்டுவிட்டு 'சாய்வு இல்லை' என்று முடிவு கட்டினால், சாய்வு மிக வலுவாகச் செயல்பட்ட கட்டத்தையே கணக்கிலிருந்து விலக்கிவிட்டோம் என்று பொருள்.

அமெரிக்கக் கால்பந்தின் குவார்ட்டர்பேக் இடத்தின் வரலாறு இதற்கு மிகத் தெளிவான சான்று. எதிரணியின் அமைப்பைப் படித்து, ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் வழிநடத்தும் இடம் அது. வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் வெற்றிக்கு நடத்திச்சென்ற வாரன் மூன், அந்த இடத்தை விட்டு வேறிடத்தில் ஆட மறுத்தார்; அவ்வாண்டு, என்எஃப்எல் என்ற தொழில்முறைத் தொடருக்குக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குச் சென்று எட்மன்டன் அணியோடு 1978 முதல் 1982 வரை அந்நாட்டுத் தொடரின் பட்டமான கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றார். 1984இல்தான் என்எஃப்எல்லில் ஆட முடிந்தது. 2006இல் அத்தொடரின் புகழரங்கில் சேர்க்கப்பட்ட முதல் கருப்பின குவார்ட்டர்பேக் அவர்தான். இதற்கிடையே 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ், என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் ஓர் அணியைத் தொடக்கம் முதல் வழிநடத்தி வென்ற முதல் கருப்பின குவார்ட்டர்பேக் ஆனார். அவ்வளவும் நடந்த பிறகும், 2018இல் லமார் ஜாக்சன் தேர்வுக்கு வந்தபோது அவர் பந்தைப் பெற்று ஓடும் வைட் ரிசீவர் இடத்துக்கு மாறலாம் என்று அனுபவமிக்க மதிப்பீட்டாளர்கள் பொதுவெளியில் பேசினார்கள். முதல் சுற்றின் கடைசித் தேர்வாக, 32ஆவது ஆளாக எடுக்கப்பட்ட அவர் அடுத்த பருவத்திலேயே, ஒரு வாக்குகூட மாறாமல், தொடரின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார்.

நீங்கள் தேர்வாளராகவோ இளையோர் பயிற்சியாளராகவோ இருந்தால் இதிலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடந்த சில ஆண்டுகளில் யார் யாரை எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு மாற்றினீர்கள் என்று ஒரு பட்டியலை எடுங்கள். மாற்றியதற்கு அன்று எழுதிய காரணத்தையும் அருகில் வையுங்கள். முடிவெடுக்கும் இடங்களிலிருந்து ஓடும் இடங்களுக்கு நகர்த்தப்பட்டவர்கள் ஒரே சமூகத்திலிருந்து அதிகமாக வந்திருக்கிறார்களா என்பது அந்தப் பட்டியலைப் பார்த்ததும் தெரியும்.

முத்திரை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆசிய வம்சாவளியினருக்கு அது தலைகீழாகச் செயல்படுகிறது: மூளை இருக்கிறது, உடல் போதாது என்பார்கள். தன் பள்ளி அணியைக் கலிபோர்னியா மாநிலப் பட்டத்துக்கு நடத்திச்சென்ற கூடைப்பந்து வீரர் ஜெரமி லின்னுக்கு எந்த முதல்நிலைக் கல்லூரியும் விளையாட்டு உதவித்தொகை தரவில்லை. ஹார்வர்டில் ஆடி முடித்தபோது என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் 2010 தேர்விலும் எடுக்கப்படவில்லை. 2012 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸ் அணிக்காக லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளிகள் எடுத்தபோதும், பலருக்கு அது எதிர்பாராத அதிசயமாகத்தான் தெரிந்தது.

பெயரை மாற்றி வாசியுங்கள்

எளிதான சோதனை இது. இதைத் தினமும் செய்யலாம். எழுதிய பத்தியில் வீரரின் பெயரை நீக்கிவிட்டு, அதே இடத்தில் ஆடும் வேறு இனத்தவர் ஒருவரின் பெயரை வைத்து உரக்க வாசியுங்கள். எந்தச் சொல் தடுக்குகிறதோ அந்தச் சொல்லை ஆராயுங்கள்.

2018 டிசம்பரில் இங்கிலாந்தின் கருப்பினக் கால்பந்து வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் இச்சோதனையை உலகுக்கே செய்துகாட்டினார். மான்செஸ்டர் சிட்டியில் தன்னோடு இருந்த இரு இளம் வீரர்கள் தத்தம் தாய்க்கு வீடு வாங்கியதைப் பற்றிய இரு செய்தித் தலைப்புகளை அவர் அருகருகே வைத்தார். கருப்பினத்தவரான டோசின் அடராபியோயோவைப் பற்றிய செய்தி, பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டத்தையும் தொடங்காத ஒருவர் மாளிகைக்குப் பணத்தை வாரி இறைத்தார் என்ற தொனியில் இருந்தது. வெள்ளையினத்தவரான ஃபில் ஃபோடனைப் பற்றிய செய்தி, தாய்க்கு வீடு வாங்கித் தந்த மகனின் கதையாக இருந்தது. இரண்டிலும் பொய் எதுவும் இருக்க வேண்டியதில்லை. எந்த உண்மையை முன்னே வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஆகவே தனித்தனிச் செய்தியாகப் பார்த்து உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் ஆசிரியரின் கண்ணுக்கு இது ஒருபோதும் படாது. இணையான இன்னொரு செய்தியைத் தேடி எடுத்து அருகில் வைத்தால்தான் தெரியும்.

கிரிக்கெட்டிலும் இத்தகைய இணைகள் உண்டு. 1974-75இல் லில்லியும் தாம்சனும் இங்கிலாந்து மட்டையாளர்களின் உடலைக் குறிவைத்து வீசிய பந்துகள் ஆஸ்திரேலிய வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டன. அடுத்த பத்தாண்டில் மேற்கிந்தியத் தீவுகளின் நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள் அதையே செய்தபோது, அச்சுறுத்தல், வன்முறை, ஆட்டத்தைக் கெடுத்தல் என்ற சொற்கள் எழுந்தன. 1991இல் ஒரு மட்டையாளருக்கு ஓர் ஓவரில் ஒரு பவுன்சர் மட்டுமே என்ற விதி வந்தபோது, அது தங்கள் அணியை நோக்கியே செய்யப்பட்டது என்று மேற்கிந்திய வீரர்கள் பலர் கருதினார்கள். அதற்கு முன்போ, அந்த அணிக்கு 'கலிப்சோ கிரிக்கெட்' என்ற பட்டம் இருந்தது. கவலையற்று மகிழ்ச்சியாக ஆடுபவர்கள், நெருக்கடியில் நொறுங்குபவர்கள் என்பது அதன் உட்பொருள். தோற்றால் ஒழுங்கில்லை, வென்றால் கொடூரம் என்று இரு பக்கமும் அடைபட்ட அந்த வீரர்களின் பயிற்சியும் உடற்கட்டுப்பாடும் வியூகமும் உரிய காலத்தில் உரிய அளவில் எழுதப்படவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருவது.

பாராட்டிலும் இது உண்டு. 1896இல் இங்கிலாந்துக்காகத் தன் முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் எடுத்த ரஞ்சித்சிங்ஜியை அக்காலத்தவர் மந்திரவாதி, கீழைநாட்டு மாயக்காரர் என்றெல்லாம் புகழ்ந்தார்கள். மாயம் என்று சொல்லிவிட்டால் வலைப்பயிற்சியில் செலவிட்ட மணிநேரங்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஆசியச் சுழற்பந்து வீச்சாளர்களைப் பற்றி இன்றும் 'மர்மம்', 'மாயாஜாலம்' என்று எழுதும்போது, விரல் எந்தத் தையல்மீது இருந்தது, மணிக்கட்டு எந்தக் கோணத்தில் திரும்பியது என்று ஒரு வரியையாவது சேர்த்துவிடுங்கள்.

தோல்விக்குப் பின் இனம், பூர்வீகம் ஆகியவை திடீரென்று நினைவுக்கு வருகின்றனவா என்றும் பாருங்கள். வெல்லும்போது தன்னை ஜெர்மானியன் என்றும் தோற்கும்போது குடியேறியவன் என்றும் பார்க்கிறார்கள் என 2018இல் துருக்கிய வம்சாவளி ஜெர்மன் கால்பந்து வீரர் மெசுட் ஓசில் எழுதினார். நன்றாக ஆடினால் பெல்ஜிய வீரர், சரியாக ஆடாவிட்டால் கொங்கோ வம்சாவளி பெல்ஜிய வீரர் என்று செய்தித்தாள்கள் தன்னை அழைப்பதை அதே ஆண்டில் கால்பந்து வீரர் ரொமேலு லுகாகுவும் சுட்டிக்காட்டினார். பூர்வீகத்தைக் குறிப்பிடுவது தவறில்லை. வென்ற நாளின் செய்தியிலும் அது இருந்ததா என்று தேடிப் பார்த்துவிட்டுக் குறிப்பிடுங்கள்.

உடலைப் பற்றிய கூற்றுக்குச் சான்று கேளுங்கள்

'அவர்களுடைய உடலமைப்பே அப்படி' என்ற வாக்கியம் அறிவியல் போலத் தோன்றுவதால் அதை எதிர்கொள்வது பலருக்குத் தயக்கமாக இருக்கிறது. தயங்க வேண்டியதில்லை. அத்தகைய கூற்றுகளின் வரலாறே அவற்றுக்கு எதிரான முதல் சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருப்பினக் குத்துச்சண்டை வீரர்களுக்குத் தாங்கும் சக்தியும் துணிவும் இல்லை என்று நம்பினார்கள். 1908இல் ஜாக் ஜான்சன் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்று அந்த நம்பிக்கையை உடைத்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வெல்லும் காலத்தில் நம்பிக்கை நேர்மாறாகத் திரும்பி, கருப்பினத்தவரின் குதிகால் எலும்பும் கெண்டைக்கால் தசையும் இயற்கையிலேயே ஓட்டத்துக்கானவை என்று ஆகியிருந்தது. ஹாவர்ட் பல்கலைக்கழக உடற்கூறியலாளர் மான்டேகு காப் அதே ஆண்டில் ஓவன்ஸின் காலை அளந்து, அந்த வாதம் 'கருப்பின' அமைப்பு என்று சொன்ன எதுவும் ஓவன்ஸிடம் இல்லை என்று எழுதினார். சிறந்த கருப்பின ஓட்டவீரர்கள் எல்லாருக்கும் பொதுவான உடற்கூறு ஒன்றுகூட இல்லை என்பதே அவரது முடிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987 ஏப்ரலில், ஜாக்கி ராபின்சன், கருப்பினத்தவரைச் சேர்க்காத பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த நாற்பதாம் ஆண்டையொட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் உயர் அதிகாரி அல் கம்பானிஸ், கருப்பினத்தவர்களுக்கு அணி மேலாளர் ஆவதற்குத் தேவையான சில கூறுகள் இல்லாமலிருக்கலாம் என்றார்; அவர்கள் நல்ல நீச்சல் வீரர்களாக இல்லாததற்குக் காரணம் மிதக்கும் தன்மை இல்லாமைதான் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில், சுரினாம் நாட்டின் கருப்பின வீரர் அந்தோணி நெஸ்டி, அமெரிக்காவின் மாட் பியோண்டியை நூறில் ஒரு நொடி வேறுபாட்டில் வென்று தங்கம் பெற்றார். அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் பொது நீச்சல் குளங்களிலிருந்து கருப்பினத்தவர் விலக்கிவைக்கப்பட்டிருந்தார்கள் என்ற வெளிப்படையான காரணத்தை விட்டுவிட்டுத்தான் உடலில் காரணம் தேடப்பட்டது.

ஆகவே உடலைக் காரணமாகச் சொல்லும் வாக்கியம் வரும்போது இவற்றைக் கேளுங்கள்: இந்தக் குறிப்பிட்ட வீரரை அளந்தார்களா, அல்லது அவர் சேர்ந்த கூட்டத்தைப் பற்றிய கருத்தை அவர்மீது ஏற்றுகிறார்களா? எந்தக் கூட்டம்? 'ஆப்பிரிக்கர்' என்று ஒரு கண்டத்தையே ஒன்றாக்குவது பொருளற்றது. கென்யாவின் நெடுந்தூர ஓட்டவீரர்களில் மிகப் பலர் ரிஃப்ட் பள்ளத்தாக்கை ஒட்டிய உயர்நிலப் பகுதியில் வாழும் கலென்ஜின் மக்கள். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரைப் பற்றிப் பேசும்போது சொல்லப்படுவதோ குறுந்தூர வேகம். உயரமான நிலம், சிறு வயது முதல் ஓட்டம், ஊரில் ஏற்கெனவே வென்றவர்கள், பயிற்சி முகாம்கள், பரிசுப்பணம் தரும் வாய்ப்பு ஆகியவை விளக்கத்தில் இடம்பெற்றனவா? மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று வாதிட வேண்டியதில்லை. எல்லா உச்ச வீரர்களின் உடலும் அபூர்வமானதுதான். வெள்ளையின நீச்சல் வீரரின் நீண்ட கைகளைப் பற்றிப் பேசும்போது அது அவருடைய கை என்கிறோம். கருப்பின ஓட்டவீரரின் கால்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது ஓர் இனத்தின் கால் ஆகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை உங்கள் எழுத்திலிருந்து நீக்குவதே இங்கே செய்ய வேண்டிய வேலை.

கண் ஏமாறும் இடத்தில் அளந்து பாருங்கள், அளவையும் சோதியுங்கள்

1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் முத்தையா முரளிதரனின் பந்துகளை, முழங்கையை நீட்டி எறியும் விதிமீறலான எறிபந்து என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோபால் கொடுத்தார். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை, வேகமாகச் சுழலும் மணிக்கட்டு ஆகிய இரண்டும் சேர்ந்து, வெறுங்கண்ணுக்கு எறிவது போன்ற தோற்றத்தைத் தந்தன. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் நடந்த சோதனைகளுக்குப் பிறகும் ஐயம் ஓயவில்லை. 2004இல் ஐசிசி அதிவேகக் கருவிகளைக் கொண்டு பரவலாக ஆராய்ந்தபோதுதான், ஐயத்துக்கே ஆளாகாத புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர்கள் உட்பட ஏறத்தாழ எல்லாருமே பந்து வீசும்போது முழங்கையை ஓரளவு நீட்டுகிறார்கள் என்பது வெளிப்பட்டது. சுழலுக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 பாகை என்று இருந்த வரம்புகள் நீக்கப்பட்டு, 2005 முதல் அனைவருக்கும் 15 பாகை என்ற ஒரே வரம்பு வந்தது. முன்பு கடும் ஐயம் தெரிவித்திருந்த முன்னாள் மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங், அந்த ஆய்வுக்குழுவில் அமர்ந்து தரவுகளைப் பார்த்த பின் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நடுவரின் உள்நோக்கத்தைப் பற்றி இங்கே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பழக்கமான தோற்றம் ஐயத்துக்கு உள்ளாகவில்லை, பழக்கமில்லாத தோற்றம் உள்ளானது, எல்லாரையும் ஒரே கருவியால் அளந்தபோது வேறுபாடு கரைந்தது என்ற அளவே நமக்குப் போதுமான பாடம். ஒருவரை மட்டும் சோதிக்கச் சொல்லாதீர்கள். எல்லாரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கண்காணிப்பு இருக்கும் இடத்தில் சாய்வு குறைகிறது என்பதற்கும் சான்று உண்டு. பேஸ்பால் நடுவர்களைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வில், பந்தை வீசும் பிட்சரும் நடுவரும் வெவ்வேறு இனத்தவராக இருக்கும்போது, பிட்சருக்குச் சாதகமான ஸ்ட்ரைக் தீர்ப்பு கொடுப்பது குறைந்தது. ஆனால் பந்தின் பாதையைக் கணினி பதிவு செய்த மைதானங்களிலும் கூட்டம் மிகுந்த ஆட்டங்களிலும் அது பெரும்பாலும் மறைந்தது. சாய்வை எதிர்பார்த்த பிட்சர்கள், நடுவரின் தீர்ப்புக்கு இடமே தராத, அடிப்பதற்கு எளிதான பந்துகளை வீசினார்கள் என்பது அந்த ஆய்வின் மிகக் கசப்பான கண்டுபிடிப்பு. அவர்களுடைய புள்ளிவிவரம் அதனால் கெட்டிருக்கும், பின்னர் அதே புள்ளிவிவரத்தைக் காட்டி அவர்களை மதிப்பிட்டிருப்பார்கள். என்பிஏ நடுவர்களைப் பற்றி ஜோசப் பிரைஸும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் செய்த ஆய்வும் அப்படியே: 1991-92 முதல் 2003-04 வரையான பருவங்களில், வேறு இன நடுவர் குழு இருந்தபோது வீரர்கள்மீது கொடுக்கப்பட்ட ஃபவுல்கள் 4 விழுக்காடு வரை கூடின. 2007இல் இது ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்ட பின், அடுத்த ஆண்டுகளில் அந்தச் சாய்வு காணாமற்போனது என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். பிறர் எண்ணுகிறார்கள் என்ற அறிவே பயன் தருகிறது. உங்கள் எண்ணிக்கையை வெளியிடத் தயங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் அளவு என்று வந்துவிட்டாலே அது நடுநிலையானது என்று கொள்ளக் கூடாது. தலைக்காயங்களால் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு என்எஃப்எல் இழப்பீடு வழங்கிய உடன்பாட்டில், கருப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்ற அனுமானத்தோடு மதிப்பெண்கள் இனவாரியாகத் திருத்தப்பட்டன. அதனால் ஒரே அளவு நினைவிழப்பு இருந்தும் கருப்பின வீரர் இழப்பீடு பெறுவது கடினமாயிற்று. 2020இல் கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்த பிறகே, 2021இல் அந்த முறையைக் கைவிடுவதாக என்எஃப்எல் அறிவித்தது. எனவே ஓர் எண்ணைப் பயன்படுத்தும் முன் அது எப்படித் திருத்தப்பட்டது, எதோடு ஒப்பிடப்பட்டது என்று கேட்டுவிடுங்கள்.

சக ஊழியரிடம் எடுத்துச் சொல்லும்போது

நீங்கள் இனவெறியர் என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இராது. வாக்கியத்தை எடுத்துக்காட்டுங்கள், அதற்கு இணையான இன்னொரு வாக்கியத்தை அருகில் வையுங்கள், இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அவரையே கேளுங்கள். நேரலையில் வாய்தவறியவரை நிகழ்ச்சிக்கு நடுவே திருத்த முயல்வதைவிட, அவர் சொன்னதையடுத்து நீங்கள் அந்த வீரரின் செயலை விவரித்துவிடுவது மேலானது. வேகத்தைப் பற்றி அவர் சொன்னால், ஓடத் தொடங்கிய நேரத்தை அந்த வீரர் கணித்த விதத்தை நீங்கள் சொல்லுங்கள்.

இந்தக் கவனம், கருப்பின வீரரைக் குறைகூறவே அஞ்சும் நிலைக்குப் போய்விடக் கூடாது. அவரும் பிழை செய்வார். பிழையைப் பிழை என்று எழுதுவதே அவரை ஒரு முழுமையான ஆட்டக்காரராக மதிப்பது. 'சோம்பேறி', 'பொறுப்பற்றவர்', 'மனநிலை சரியில்லை' என்ற குணத்தீர்ப்புகளை விட்டுவிட்டு, பந்தை இழந்தபின் பத்து நொடிகள் நின்றார், காவலுக்குத் திரும்பவில்லை, அதனால் கோல் விழுந்தது என்று எழுதுங்கள். கடுமையாகவே எழுதுங்கள். அடுத்த வாரம் இன்னொருவர் அதே இடத்தில் நின்றால் அவருக்கும் அதே கடுமை இருக்கட்டும்.

தேர்வறிக்கை எழுதுவோர் ஒரு நடைமுறையை இன்றே தொடங்கலாம். எந்தப் பண்புகளுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு தேர்வாளரும் மற்றவரோடு பேசாமல் தனியே மதிப்பெண் இடட்டும். கூட்டத்தில் மூத்தவர் கடைசியாகப் பேசட்டும். பிறகு, அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பண்புச்சொல்லுக்கும் எதிரே அது எந்த ஆட்டத்தில், எந்த நிமிடத்தில் காணப்பட்டது என்று குறிக்கச் சொல்லுங்கள். அப்படிக் குறிக்க முடியாத சொற்களை அடித்துவிட்டு, எஞ்சியதை மட்டும் மேலே அனுப்புங்கள்.